எழுதும் முன் நாலு துண்டு, எழுதிய பின் மூன்று கோடு

மூன்றாம், நான்காம் வகுப்பில் "ஆத்தங்குடிக் கல் எப்படிச் செய்கிறார்கள்?" என்று எழுதச் சொன்னால், காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் ஒரு வரியோடு நின்றுவிடுவார்கள். அந்தத் தரை ஓடு பதித்த வீட்டில் தவழ்ந்த பிள்ளைகள்தாம். யோசிப்பது, வரிசைப்படுத்துவது, பிழை பார்ப்பது மூன்றையும் ஒன்றாகச் செய்யச் சொல்வதால் கை நிற்கிறது. 40 நிமிட பீரியடில் இவற்றைப் பிரித்துக் கொடுங்கள்.

முதல் 5 நிமிடம் பேச்சு மட்டும். பக்கத்துப் பிள்ளையிடம் வீட்டுத் தமிழிலேயே சொல்லட்டும். "கண்ணாடி மேல சாயத்த ஊத்துவாக" என்று வந்தால் திருத்த வேண்டாம்.

அடுத்த 7 நிமிடம் திட்டம். ரஃப் தாளை இரண்டு முறை மடித்து நாலு துண்டாகக் கிழிக்கட்டும். ஒரு துண்டில் மூன்று சொல்லுக்கு மேல் கூடாது: "கண்ணாடி, அச்சு, சாயம்", "மணல், சிமெண்டு", "தொட்டித் தண்ணீர்", "வழவழப்பு". துண்டாக இருந்தால் மேசையில் நகர்த்தி வரிசையை மாற்றலாம். நோட்டில் எழுதிவிட்டால் மாற்ற மனசு வராது. துண்டிலேயே முழு வாக்கியம் எழுதும் பிள்ளைக்கு இன்னும் சின்னத் தாள் கொடுங்கள். எப்படி என்று கரும்பலகையில் காட்டும்போது வேறு தலைப்பை எடுங்கள், திங்கட்கிழமைச் சந்தை மாதிரி. அதே தலைப்பில் காட்டினால் வகுப்பு முழுக்க ஒரே கட்டுரைதான் வரும்.

எழுத 15 நிமிடம். ஒரு வரி விட்டு ஒரு வரி. ரப்பர் பைக்குள் இருக்கட்டும். தவறென்று தோன்றினால் ஒற்றைக் கோடு போதும். ஒரு துண்டு எழுதி முடிந்ததும் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முதலிலிருந்து விரல் வைத்து முணுமுணுவென வாசிக்க வேண்டும். விட்டுப்போனது அங்கேயே தெரியும். இதைத் தவிர்த்துவிட்டு எல்லாவற்றையும் கடைசிக்குத் தள்ளாதீர்கள்.

மீதி நேரம் சரிபார்க்க. பத்துக் கேள்வி அச்சடித்துக் கொடுத்தால் பிள்ளைகள் வாசிக்காமலே டிக் போடுவார்கள். ஆகவே டிக் வேண்டாம். கலர் பென்சிலால் ஆதாரம் காட்டட்டும். "பிறகு", "அடுத்து" போன்ற சொற்களுக்கு அடிக்கோடு. ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கும் வட்டம். மூன்றாவது, அவரவர் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் எழுத்துக்குக் கோடு: ஒருவருக்கு ல, ள, ழ, இன்னொருவருக்கு ர, ற. நோட்டின் முதல் பக்க மூலையில் அதை எழுதி வைத்து, தொடர்ந்து மூன்று கட்டுரை சரியாக வந்த பிறகே மாற்றுங்கள்.

பிள்ளைகள் தாளில் இருப்பதை விட்டுவிட்டு, மனதில் இருப்பதை வாசிப்பார்கள். அதனால் பக்கத்துப் பிள்ளை சத்தமாக வாசிக்கட்டும். அவள் தடுமாறும் இடத்தில் எழுதியவன் புள்ளி வைத்துக்கொள்வான். பென்சில் எழுதியவன் கையில்தான் இருக்க வேண்டும். எழுத்துப்பிழைக்கு மட்டும் கடைசி வாக்கியத்திலிருந்து பின்னோக்கிப் பார்ப்பது நல்லது. கதை ஓட்டம் கண்ணை இழுக்காது.

இரண்டாம் வகுப்புக்கு இரண்டு துண்டு, சொல்லுக்குப் பதில் படம், ஒரே ஒரு சோதனை போதும். எந்த வகுப்பானாலும் பிள்ளை கோடு போட்டு முடித்த பிறகே உங்கள் சிவப்புப் பேனாவைத் திறங்கள். அவனே கண்டுபிடித்த பிழைக்குப் பக்கத்தில் முதல் டிக் போடுங்கள்.