முளை முதலில், டென்ட் பிறகு: உறைந்த ஏரிக் காற்றில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை உறைந்த ஏரியின் மேல் மீனுக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தேன். நூறடி தள்ளி இரண்டு இளைஞர்கள் புது டென்ட் ஒன்றை உறையிலிருந்து உருவினார்கள். ஒருவர் சுவர்களை ஒவ்வொன்றாக இழுத்து நிமிர்த்த, டென்ட் அழகாக எழுந்து நின்றது. மற்றவர் ஸ்லெட்டில், அதாவது பனிமேல் இழுத்துப்போகும் சறுக்குவண்டியில், பைகளைக் கிளறிக்கொண்டிருந்தார். டென்டைக் கட்ட ஐஸில் திருகி இறக்கும் முளைகள் இருந்த பை எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு காற்று. டென்டின் ஒரு பக்கம் முழங்கால் உயரத்துக்குத் தூக்கியது. கையிலிருந்த துளைப்பானைப் போட்டுவிட்டு ஓடினேன். மூன்று பேருமாக மூலையைப் பிடித்து அமுக்கி, நான் மண்டியிட்டு முதல் முளையைத் திருகி இறக்கினேன்.

"ரெண்டு நிமிஷ வேலைதானே அண்ணா, அதுக்குள்ள என்ன ஆகப்போகுதுன்னு நினைச்சோம்" என்றார் ஒருவர். இதே வார்த்தையைச் சொல்லித்தான் நான் ஒரு டென்டையும் அதிலிருந்த பொருட்களையும் தொலைத்தேன். அன்று வீடு திரும்பிய பிறகும் மனசு ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முளையே எடுத்து வராதது, வானிலை பார்க்காமல் கிளம்புவது, தேய்ந்த கயிறு, இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவற்றை விட்டுவிடுகிறேன். தெரிந்தவர்களும் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

டென்டை விரித்துவிட்டு முளையைத் தேடுவது

ஒவ்வொரு சுவரின் நடுவிலும் கம்பிகள் கூடும் இணைப்பு, அதாவது ஹப், உள்ள டென்டைத்தான் ஹப் டென்ட் என்பார்கள். இரண்டு மூன்று பேர் உட்காரும் ஹப் டென்ட் ஒன்று பத்துப் பதினைந்து கிலோ இருக்கும். உறைக்குள் சுருண்டு கிடக்கும்போது அது வெறும் மூட்டை. காற்றுக்கு அதைப் பிடிக்க இடமே கிடையாது. சுவரை இழுத்து நிமிர்த்திய மறுகணம் அது கப்பல் பாய் ஆகிவிடுகிறது. கீழே இருப்பது மண்ணல்ல, வழவழப்பான ஐஸ். சுற்றிலும் மரமோ சுவரோ கிடையாது. டென்ட் நிமிர்ந்து நின்று முளை இறங்காமல் இருக்கிற அந்த இடைவெளிதான் நாள் முழுவதிலும் ஆபத்தான நேரம். புதிதாக வருகிறவர்கள் அந்த இடைவெளியைத் தாங்களே உண்டாக்கிக்கொள்கிறார்கள்.

எனக்கு நடந்தது இது. தனியாகப் போயிருந்தேன். காலையில் காற்றே இல்லை. டென்டை விரித்தேன். பறக்காமல் இருக்கட்டும் என்று தூண்டில்கள், மீன் தேடும் சோனார், மதிய உணவு எல்லாம் இருந்த பையைத் தூக்கி உள்ளே வைத்தேன். முளைகள் ஸ்லெட்டின் அடியில். குனிந்து பெட்டியைத் திறந்தேன். முதுகுக்குப் பின்னால் துணி படபடவென்று அடிக்கும் சத்தம். திரும்பிப் பார்த்தபோது டென்ட் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அடியில் காற்று புகுந்து, உருள ஆரம்பித்திருந்தது. எட்டிப் பிடிக்கும் தூரம்தான். ஓடினேன். நான் ஓட ஓட அது எனக்கு இரண்டு மடங்கு வேகத்தில் போனது. பையும் உள்ளேயே உருண்டுகொண்டு போனது.

எவ்வளவு தூரம் ஓடினேன் என்று தெரியாது. டென்டையே பார்த்துக்கொண்டு ஓடியதில் ஐஸைப் பார்க்கவில்லை. முன்னால் ஐஸ் பாளங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மேடு தட்டியிருந்தது கண்ணில் பட்ட பிறகுதான் நின்றேன். அப்படி மேடு தட்டிய இடத்தை ஒட்டி ஐஸ் மெலிந்திருக்கும், சில இடங்களில் தண்ணீரே திறந்து கிடக்கும். டென்ட் அந்த மேட்டில் மோதி, ஒரு கம்பி ஒடிந்து, அப்பால் விழுந்தது. நான் நின்ற இடத்திலிருந்து பார்க்க, துணியின் ஒரு ஓரம் கருத்த தண்ணீரில் நனைந்துகொண்டிருந்தது. போய் எடுக்கவில்லை. எடுக்கப் போயிருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா என்பது சந்தேகம்தான்.

பறக்கும் டென்டைத் துரத்தாதீர்கள். நீங்கள் சோதித்துப் பார்த்த ஐஸ் நீங்கள் நிற்கும் இடத்தில் இருப்பது மட்டும்தான். டென்ட் போகிற வழியில் ஐஸ் எத்தனை கனம் என்று உங்களுக்குத் தெரியாது.

இப்போது நான் செய்வது இப்படி. கரையிலேயே மூன்று முளைகளை எடுத்து மேல்சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். இடம் முடிவானதும் காற்று முகத்தில் அடிக்கும்படி நிற்பேன். டென்டின் காற்றுப் பக்கச் சுவர் எங்கே வரவேண்டுமோ, அதன் இரண்டு மூலைகளுக்கும் பனியை ஒதுக்கி இரண்டு முளைகளை இறக்கிவிடுவேன். டென்ட் அப்போதும் உறைக்குள்தான். பிறகு உருவி, தரையோடு தரையாகக் கிடக்கும்போதே அந்த இரண்டு மூலை வளையங்களையும் முளைகளில் மாட்டுவேன். அதன் பிறகுதான் காற்றுப் பக்கச் சுவரை நிமிர்த்துவது. நிமிர்த்திய உடனே மூன்றாவது முளையை வெளியே தள்ளி இறக்கி, சுவரின் நடு ஹப்பிலிருந்து கயிற்றை அதில் கட்டுவேன். மற்றச் சுவர்களும் மூலைகளும் அப்புறம். கூரையை எப்போது தூக்குவது என்பது டென்டுக்கு டென்ட் மாறும். காற்றுப் பக்கம் முதலில் என்பது மட்டும் மாறாது.

காற்றே இல்லாத நாளிலும் இதே வரிசைதான். என் டென்டைக் கொண்டுபோனது காற்றில்லாத காலைதான்.

கனத்தை வைத்தால் போதும் என்று நம்புவது

உள்ளே பை வைப்பது, மூலையில் தண்ணீர் வாளி வைப்பது, "நாலு பேர் உள்ளே இருக்கிறோமே" என்பது. காற்றின் கணக்கு இப்படி: வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. 1.8 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் உள்ள ஒரு சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று அதை ஏறக்குறைய 7 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். 40 கிலோமீட்டர் ஆனால் 28 கிலோ. 60 ஆனால் 60 கிலோவுக்கு மேல். கூரை மேல்நோக்கி இழுபடுவதை இதில் சேர்க்கவில்லை.

20 லிட்டர் வாளி 20 கிலோ. ஆனால் ஐஸின் மேல் அந்த 20 கிலோவைத் தள்ள 20 கிலோ விசை வேண்டியதில்லை. உராய்வு அவ்வளவு குறைவு. ஒரு குழந்தை காலால் தள்ளினாலும் வாளி வழுக்கிக்கொண்டு போகும். கனம் தரையில் உதவும், ஐஸில் கூடவே பயணம் செய்யும். பிடிமானம் என்பது ஐஸுக்குள் இறங்குகிற ஒன்றுதான்.

பனியில் முளை இறக்குவது

ஐஸின் மேல் ஒரு சாண் பனி கிடக்கிறது. அதன் மேலேயே வைத்துத் திருகுகிறார்கள். முளை சுலபமாக இறங்குகிறது, சந்தோஷம். உண்மையில் முளையின் பாதிக்கு மேல் பனியில் நிற்கிறது, நுனி மட்டும் ஐஸைத் தொட்டிருக்கிறது. முதல் இழுப்பிலேயே கையோடு வரும்.

பனியைக் காலால் ஒதுக்கி, கெட்டி ஐஸ் தெரிந்த பிறகு இறக்க வேண்டும். பனியும் தண்ணீரும் கலந்து உறைந்த வெள்ளை ஐஸ், கண்ணாடி போன்ற கறுத்த ஐஸைவிடப் பலம் குறைந்தது. மேலே வெள்ளை அடுக்கு இருந்தால் அதையும் தாண்டி முளை போகிறதா என்று பாருங்கள். வளையம் ஐஸைத் தொடும் வரை திருகுங்கள். இரண்டு விரற்கடை வெளியே நின்றாலும் கயிறு அதை நெம்புகோலாக ஆட்டி ஆட்டிச் சுற்றியுள்ள ஐஸை உடைத்துவிடும்.

ட்ரில்லில் அடாப்டர் மாட்டி இறக்குகிறவர்கள் வளையம் தொட்டதும் விரலை எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் சுழன்றால் மரை தான் பிடித்திருக்கும் ஐஸையே அரைத்துத் தூளாக்கும். பார்க்க இறுக்கமாகத் தெரியும், பிடி இருக்காது. ட்ரில் பேட்டரியை உள்சட்டையில் வையுங்கள். குளிரில் அது பாதியிலேயே சோர்ந்துவிடும்.

முளை ஒன்று தொலைந்துபோனாலோ காற்று மிக மோசமாக இருந்தாலோ இன்னொரு வழி உண்டு. துளைப்பானால் ஐஸில் முழுத் துளை போட்டு, ஒரு முழ நீளக் கட்டையின் நடுவில் கயிற்றைக் கட்டி, செங்குத்தாக உள்ளே விடுங்கள். கயிற்றை இழுத்தால் கட்டை அடியில் குறுக்கே திரும்பி ஐஸின் அடிப்பாகத்தில் முட்டி நிற்கும். இதைப் பிடுங்க வேண்டுமானால் ஐஸையே தூக்க வேண்டும். கட்டையின் ஒரு முனையில் மெல்லிய இன்னொரு கயிற்றைக் கட்டி வெளியே விட்டுவையுங்கள். கிளம்பும்போது அதை இழுத்தால் கட்டை நிமிர்ந்து துளை வழியே வந்துவிடும்.

மூலைகளை மட்டும் கட்டிவிட்டு உட்காருவது

நாலு மூலையும் கட்டியாகிவிட்டது, டென்ட் நகராது. சரி. ஆனால் சுவரின் நடுவில் கம்பிகள் கூடுகிற ஹப்பை யார் பிடிப்பது? காற்று ஒரு தள்ளுத் தள்ளினால் ஹப் உள்பக்கமாக மடிந்து, சுவர் உங்கள் முதுகில் வந்து விழும். குளிரில் விறைத்த கம்பி அப்படி மடிந்து மடிந்து நிமிரும்போதுதான் ஒடிகிறது. ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தால் துணி அதன் மேல் விழும். இதைப் பக்கத்து டென்டில் ஒருமுறை பார்த்தேன். துணி தீப்பிடிப்பதற்குள் உள்ளே இருந்தவர் ஹீட்டரைக் காலால் உதைத்து வெளியே தள்ளினார். கையில் நீளமான கொப்புளம்.

ஹப்புக்குக் கயிறு கொடுங்கள். முளையைச் சுவரை ஒட்டி இறக்காதீர்கள். ஹப் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் என்றால் முளை குறைந்தது ஒரு மீட்டராவது வெளியே தள்ளி இருக்க வேண்டும், ஒன்றரை இருந்தால் இன்னும் நல்லது. அருகில் இருந்தால் கயிறு கீழ்நோக்கித்தான் இழுக்கும், வெளிப்பக்கம் இழுக்காது. கயிறு பளிச்சென்ற நிறத்தில் இருக்கட்டும். இருட்டில் அதில் தடுக்கி விழுந்தவர்கள் அதிகம்.

நைலான் கயிறு ஈரமானால் நீளும். கட்டி அரைமணி கழித்து ஒருமுறை இறுக்க வேண்டியிருக்கும். கட்டும்போதே, கையுறையோடு நகர்த்தக்கூடிய முடிச்சாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

காற்று திரும்பாது என்று நினைப்பது

காலையில் தெற்கிலிருந்து வீசுகிறது. தெற்குப் பக்கம் மூன்று முளை, வடக்கே ஒன்றுமில்லை. வட அரைக்கோளத்தில் குளிர்முகப்பு (முன்னேறி வரும் குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு) ஒன்று கடந்துபோனால் தெற்கு, தென்மேற்கிலிருந்து வந்த காற்று மேற்கு, வடமேற்குக்குத் திரும்பிவிடும். அப்போது அதன் வேகமும் பெரும்பாலும் கூடும். எந்தக் கதவைக் காற்றுக்கு மறைவாக வைத்தீர்களோ, அதே கதவு இப்போது காற்றுக்கு எதிரே. யாரோ வெளியே போக அதைத் திறந்தால் காற்று உள்ளே புகுந்து டென்டைப் பலூன் போல ஊதித் தூக்கும்.

நான்கு பக்கமும் கட்டுங்கள். காற்று திரும்புவது தெரிந்தால் முதலில் அந்தப் பக்கத்துக் கயிறுகளை இறுக்குங்கள், மீன் கொத்தினாலும் காத்திருக்கட்டும்.

அடிப்பாவாடையைச் சும்மா விடுவது

தரையில் படர்ந்து கிடக்கும் அந்தத் துணி விளிம்பு அழகுக்கு வைத்ததல்ல. அதன் மேல் பனியை வாரிப் போட்டு மிதித்து அழுத்துங்கள், காற்று அடியில் புகாது. தண்ணீர் கலந்த சொதசொதப்பான பனியைப் போடாதீர்கள். அது துணியோடு ஐஸாகிவிடும். மாலையில் பிய்த்தால் பாவாடை கிழிந்துதான் வரும்.

காற்றுக்காகக் காற்றுத்துளையை அடைப்பது

வேண்டாம். ஹீட்டரிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

டென்ட் கயிற்றை வண்டியில் கட்டுவது

கட்டிய கயிறு மறந்துபோகும், வண்டியை எடுத்துவிடுவீர்கள்.

மதியத்தில் முளையைப் பார்க்காதது

பருவத்தின் கடைசி வாரங்களில் வெயில் ஏறும்போது இரும்பு முளை சூடாகி, தன்னைச் சுற்றியுள்ள ஐஸை உருக்கும். காலையில் அசையாமல் நின்றது மதியம் விரலால் ஆடும். இறக்கிய கையோடு ஒவ்வொரு முளையின் தலையிலும் ஒரு பிடி பனியை வைத்து மூடுங்கள். அப்படியும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே வந்து ஒவ்வொன்றையும் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடுகிற முளையை அதே ஓட்டையில் மறுபடி திருகாதீர்கள். ஒரு சாண் தள்ளிப் புது இடத்தில் இறக்குங்கள்.

பிரிக்கும்போது எல்லா முளையையும் முதலில் எடுப்பது

நாள் முழுக்கக் கவனமாக இருந்தவர்களும் இதில் கோட்டை விடுகிறார்கள். இருட்டுகிறது, விரல் விறைத்திருக்கிறது, சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று சுற்றி வந்து எட்டு முளைகளையும் பிடுங்கிவிட்டு அப்புறம் சுவரை மடக்குகிறார்கள். காலையில் இருந்த அதே ஆபத்தான இடைவெளி மாலையில் இன்னொரு முறை.

விரித்ததற்கு நேர் எதிர் வரிசையில் பிரியுங்கள். உள்ளே இருக்கும் பொருட்களை வெளியே எடுத்து ஹீட்டரை அணையுங்கள். காற்று மறைவுப் பக்கத்துக் கயிறுகளை அவிழ்த்து அந்தச் சுவரை மடக்குங்கள். பக்கச் சுவர்கள், கூரை, கடைசியாகக் காற்றுப் பக்கச் சுவர். அதன் இரண்டு மூலை முளைகளும் டென்ட் தட்டையாகி, சுருட்டி, உறைக்குள் பாதிக்கு மேல் போகும் வரை அப்படியே இருக்கட்டும். அவற்றை எடுத்த பிறகு எண்ணிப் பாருங்கள். எட்டு இறக்கியிருந்தால் எட்டும் கையில் இருக்க வேண்டும். ஐஸில் விட்டுப்போன ஒன்றை இரவுப் பனி மூடிவிடும், காலையில் அது அடுத்தவர் காலில்தான் குத்தும்.