'போய் டீ வாங்கிட்டு வா': பாத்திரத்தின் குறையைக் கதையாக்குவது எப்படி?

முதல் சிறுகதை எழுதும்போது நாம் எல்லோரும் ஒரு வில்லனைத் தேடுவோம். வட்டிக்காரரோ மேலாளரோ வந்து நாயகனை மறிப்பார். அவர் விலகியதும் கதை தீர்ந்துவிடும். நாயகனின் சொந்தக் குணமே குறுக்கே நின்றால் அவ்வளவு சுலபத்தில் தீராது. அப்படி ஓர் ஆளை உருவாக்கிப் பார்க்கலாம். நோட்டும் பேனாவும் போதும்.

படி 1: ஆளுக்கு என்ன வேண்டும் என்று ஒரே வரியில் எழுதுங்கள். 'நிம்மதி', 'மரியாதை' எல்லாம் வேண்டாம். கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றாக இருக்கட்டும். நம் ஆள் முருகானந்தம், டூவீலர் மெக்கானிக், வயது 45. இன்னொருவர் ஷெட்டில் கூலிக்கு வேலை. வருகிற பொங்கலுக்குள் சொந்த ஷெட் போடவேண்டும்.

படி 2: குறையைத் தேர்ந்தெடுங்கள். சறுக்குவது இங்கேதான். என் முதல் கதையின் நாயகனுக்கு நகம் கடிக்கும் பழக்கத்தைக் கொடுத்தேன். கடைசிப் பக்கம் வரை கடித்தான். கதைக்கு ஒரு பைசா பிரயோஜனமில்லை. அது ஒட்டு மீசை மாதிரி. இப்படிச் சோதியுங்கள்: அந்தக் குணத்தை எடுத்துவிட்டால் ஆளுக்கு நினைத்தது கிடைத்துவிடுமா? கிடைக்கும் என்றால் சரியான குறை.

முருகானந்தத்துக்குத் 'தெரியாது' என்ற சொல் வாயில் வராது. 2020 ஏப்ரலில் வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ்.6 விதி வந்த பிறகு பெரும்பாலான புது வண்டிகளில் கார்புரேட்டர் போய், எலெக்ட்ரானிக் முறையில் பெட்ரோல் செலுத்தும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. சத்தத்தை வைத்தே கோளாறு சொல்கிறவர் இனி கோளாறைக் காட்டும் ஸ்கேனர் டப்பாவை மாட்டக் கற்கவேண்டும். கற்பதென்றால், முதலில் தெரியாது என்று யாரிடமாவது சொல்லியாகவேண்டும்.

படி 3: அந்தக் குணம் எங்கே முளைத்தது? அவசரப்படாமல் யோசியுங்கள். பன்னிரண்டு வயதில் பட்டறையில் சேர்ந்தார். 'தெரியலண்ணே' என்ற பையனுக்கு ஸ்பேனரால் அடி விழுந்தது. 'தெரியும்ணே' என்றவனுக்கு வண்டிச் சாவி கிடைத்தது. அந்த ஒரு சொல்தான் முப்பது வருஷமாகச் சோறு போட்டது. கேட்டுப் பாருங்கள், குறை என்று ஒத்துக்கொள்ளமாட்டார். "தொழில்னா ஒரு கெத்து வேணும்ல" என்பார். தன் குறையைப் பலம் என்று நம்புகிறவரை நாம் வெறுக்க முடியாது, திருத்தவும் முடியாது. கதைக்கு வேண்டியது அந்தத் தவிப்புதான்.

படி 4: மூன்று காட்சிகள் எழுதுங்கள். முதலாவதில் குறை லாபம் தரட்டும். மற்றவர்கள் கைவிட்ட பழைய வண்டியை அரைமணியில் ஓட்டிக் காட்டுகிறார். இரண்டாவதில் சின்ன நஷ்டம். புது வண்டி, செக் இன்ஜின் விளக்கு அணையவில்லை; ஊகத்தில் ஒரு சென்சாரை மாற்றுகிறார், அப்போதும் எரிகிறது. ஷெட்டுக்குச் சேர்த்த பணத்தில் கைவைத்து வாடிக்கையாளரைச் சமாளிக்கிறார். மூன்றாவதில், வழி திறந்தே இருக்கவேண்டும். ஸ்கேனர் கற்றுவந்த எடுபிடிப் பையன் கேட்கிறான்: "அண்ணே, நான் வேணா பாக்கட்டா?"

"போய் டீ வாங்கிட்டு வா."

அவ்வளவுதான். திறந்த வழியை அவரே சாத்திவிட்டார்.

இதில் புதுசு ஒன்றுமில்லை. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் ஊடல் கொண்ட தேவியைச் சமாதானம் செய்யப் போகிற அவசரத்தில் இருக்கிறான். அரசியின் சிலம்பைத் திருடியவன் கோவலன்தான் என்று பொற்கொல்லன் வந்து சொல்கிறான். பாண்டியன் விசாரிக்காமலே கொல்ல ஆணையிட்டு நகர்ந்துவிடுகிறான். சிலம்புக்குள் இருப்பது முத்தா மாணிக்கமா என்ற ஒரு கேள்வி போதும், கோவலன் பிழைத்திருப்பான். நீதியோடு ஆளவேண்டும் என்பதே அந்த அரசனுக்கும் ஆசை என்பதுதான் கொடுமை.

எனக்கு இதைவிடப் பிடித்தது இளங்கோவின் ஒரு வேலை. ஆணையிடும் இடத்திலேயே 'தேரான் ஆகி', அதாவது ஆராயாதவனாகி, என்று போகிறபோக்கில் ஒரு சொல்லைப் போட்டுவிட்டுப் போகிறார். பிறகு அவைக்கு வரும் கண்ணகி வாய் திறந்ததும் 'தேரா மன்னா!' என்கிறாள். முதலில் கதைசொல்லி முணுமுணுத்த குறை, பிறகு பறிகொடுத்தவள் வாயிலிருந்து முகத்துக்கு நேரே வருகிறது.

படி 5: உங்கள் கதையில் அதை முகத்துக்கு நேரே சொல்லப்போவது யார்? மனைவி வேண்டாம், எல்லாக் கதையிலும் அவர்தான் சொல்கிறார். முருகானந்தத்துக்கு, சென்சாரை மாற்றியும் விளக்கு எரிகிற வண்டிக்காரர் பொருத்தம். "உன் அகம்பாவம்தான் உன்னைக் கெடுக்குது" என்று யாரையும் பேசவிடாதீர்கள், நாடக மேடை ஆகிவிடும். "தெரியலைன்னு முதல்லயே சொல்லிருந்தா நான் வேற கடைக்குப் போயிருப்பேன்ல" போதும்.

படி 6: முடிவு. அவர் மாறாமலே போகலாம், பொங்கலும் வந்துபோகலாம். மாற்றத்தான் வேண்டும் என்றால் கண்ணீரும் நீளமான வசனமும் தேவையில்லை. கடை சாத்துகிற நேரம். கழிவுத்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, பையன் முகத்தைப் பார்க்காமல் கேட்கட்டும்:

"அந்த டப்பாவ எங்கடா மாட்டணும்?"