அவர் அவனுக்கு என்ன முறை? சூப்பர்ஹீரோவையும் அவரது குட்டித் துணையையும் எழுதுவது எப்படி

என் முதல் சூப்பர்ஹீரோ ஸ்கிரிப்ட் இரண்டாவது பக்கத்திலேயே நின்றுபோனது. பதினாறு பக்கக் கதை. மொட்டை மாடியில் முகமூடி போட்ட நடுவயதுக்காரர் ஒருவர், பக்கத்தில் பதின்மூன்று வயதுப் பையன், கீழே திருடர்கள். பையன் சொல்கிறான்: "நீங்க முன்னாடி போங்க, நான் பின்பக்கமா வர்றேன்."

எனக்குப் படம் வரைவது என் அண்ணன் மகள். அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "சித்தப்பா, இவன் இவரை என்னன்னு கூப்பிடுவான்?"

'சார்' என்றேன். "அப்ப ட்யூஷன் வாத்தியாரா?" 'அண்ணா' என்றேன். "நாப்பது வயசு ஆளையா?" சரி, பேர் சொல்லியே கூப்பிடட்டும் என்றேன். அவள் பதில் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். ஸ்கிரிப்டைக் கிழித்துவிட்டேன்.

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. பேட்மேனின் குட்டித் துணையான ராபின், தன்னை வளர்த்த பேட்மேனை, அதாவது ப்ரூஸ் வெய்னை, 'ப்ரூஸ்' என்றே கூப்பிடலாம். 'யூ' என்ற ஒரே சொல்லுக்குள் மரியாதை, கோபம், செல்லம் எல்லாவற்றையும் ஒளித்து வைத்துக்கொள்ளலாம். தமிழில் பையன் வாயைத் திறந்ததுமே நீயா நீங்களா என்பது தெரிந்துவிடும். அப்புறம் வாசகர் விடமாட்டார்: இவர் இவனுக்கு என்ன முறை வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்காமல் சண்டைக் காட்சியில் கை வைக்காதீர்கள். கண்டுபிடித்துவிட்டால் பாதிக் கதை கைக்கு வந்துவிடும். மீதிப் பாதிக்கு நான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டவற்றைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு தாளில் இரண்டு பதில்கள் எழுதுங்கள். ஊருக்கு அவர் யார்? வீட்டுக்குள் அவர் யார்? இரண்டும் ஒன்றாக இருந்தால் கதை சப்பென்று போகும்.

பேட்மேன் கதைகளில் இந்த இடைவெளியை நன்றாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். முதல் ராபினான டிக் கிரேசன் 1940 ஏப்ரல் இதழில் வந்தான். சர்க்கஸில் பார் விளையாடும் குடும்பத்துப் பிள்ளை. பணம் பறிக்கும் கும்பல் கயிற்றில் சதி செய்து பெற்றோரைக் கொன்றுவிடுகிறது. ப்ரூஸ் வெய்ன் அவனைக் கூட்டிக்கொண்டு வருகிறார். ஆனால் சட்டப்படி அவர் காப்பாளர் மட்டும்தான், அப்பா இல்லை. முறைப்படி தத்தெடுத்தது 2000க்கு அப்புறம்தான், அதாவது பையன் வளர்ந்து தனி ஆளாகிப் போன பிறகு.

1943 இறுதியில் வந்த ஒரு கதையில் இந்த ஓட்டையில் விரலை விட்டு ஆட்டினார்கள். டிக்கின் சித்தப்பா என்று ஒருவர் வந்து, பையனைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்லி வழக்குப் போடுகிறார். ப்ரூஸ் ஊர் கண்ணுக்கு வேலைவெட்டி இல்லாத பணக்கார உல்லாசி. பேட்மேன் என்ற உண்மை வெளியே தெரியாமல் இருக்க அவரே போட்ட வேஷம் அது. நீதிபதி அந்த வேஷத்தைப் பார்த்துத்தான் பையனைப் பிரித்துக் கொடுக்கிறார். ரகசியத்தைக் காப்பாற்றினால் பிள்ளை போகும், பிள்ளையைக் காப்பாற்ற வேண்டுமானால் ரகசியம் போகும். எண்பது வருடம் ஆகியும் இதைவிட நல்ல முடிச்சு எனக்குக் கிடைக்கவில்லை. உங்கள் கதையில் கோர்ட்டு வர வேண்டாம். பள்ளிக்கூடத்துப் படிவத்தில் 'மாணவருக்கு உறவு' என்று ஒரு கட்டம் இருக்குமே, அதை நிரப்பச் சொல்லி அவர் கையில் பேனாவைக் கொடுத்தாலே போதும்.

மின்னல் வேகத்தில் ஓடும் ஃப்ளாஷின் கதையில் முறை தெளிவு. வாலி வெஸ்ட் ஐரிஸின் அண்ணன் மகன். ஐரிஸ் அவனுக்கு அத்தை. அவளைக் கட்டிக்கொள்ளப் போகும் பாரி ஆலன்தான் ஃப்ளாஷ், வாலிக்கு மாமா. ஆனால் வாலி அவருடைய குட்டித் துணையாக, கிட் ஃப்ளாஷ் ஆனது 1959இல், பாரிக்கும் ஐரிஸுக்கும் கல்யாணம் நடந்ததோ 1966இல். ஏழு வருடம் அவர் 'வருங்கால மாமா'. ஃப்ளாஷ் யார் என்பது மருமகனுக்குத் தெரியும், அத்தைக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் எல்லாமே 'அங்கிள்'தான். தமிழில் மாமன் மருமகன் என்றதும் கேலிக்கும் உரிமைக்கும் தானாக இடம் வந்துவிடுகிறது. அதை வீணாக்காதீர்கள். (மின்னல் தாக்கி ரசாயனம் தெறித்து ஒருவருக்கு சக்தி வந்தது சரி. அதே விபத்து அதே மாதிரி பையனுக்கும் நடந்தது என்பதை மட்டும் பெரிய மனது பண்ணி விட்டுவிட வேண்டும்.)

யாருக்கு யார் தேவை

ராபினை உருவாக்கியவர்களில் ஒருவரான பில் ஃபிங்கருக்கு இருந்தது ஒரு தொழில் சிக்கல்: பேட்மேனுக்குப் பேச ஆள் இல்லை. தனக்குத்தானே எத்தனை பக்கம்தான் யோசித்துக்கொண்டிருப்பார்? பேச்சுத்துணையாகத்தான் பையன் வந்தான். உங்களுக்கும் அதே தேவையில் தொடங்குவதில் தப்பில்லை. ஆனால் அதோடு நின்றால் அவன் வெறும் கேள்வி கேட்கும் பொம்மை. "இப்ப என்ன செய்யறது?" என்று கேட்பான், பெரியவர் விளக்குவார். என் கிழித்த ஸ்கிரிப்டில் அப்படி பதினொரு கேள்விகள் இருந்தன. எண்ணிப் பார்த்தேன்.

மாற்று வழி இது. பெரியவர் பையனிடம் எதைப் பார்க்கிறார் என்று எழுதுங்கள். பிறகு அவர் பார்த்தது தப்பு என்பதையும் எழுதுங்கள். ப்ரூஸ் டிக்கிடம் பார்த்தது தன்னையே: கண்ணெதிரே பெற்றோரைப் பறிகொடுத்த சிறுவன். ஆனால் டிக் அந்தரத்தில் குட்டிக்கரணம் போட்டு வளர்ந்தவன், சிரிக்கத் தெரிந்தவன். பழிவாங்கக் கூட்டிவந்த பிள்ளை வீட்டுக்கு வெளிச்சத்தைக் கொண்டுவருகிறான். இரண்டாவது ராபின் ஜேசன் டாட் வேறு ரகம். 1987இல் திருத்தி எழுதிய கதைப்படி, பேட்மேனின் காரிலேயே டயரைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது மாட்டிக்கொள்கிறான். அவனிடமும் ப்ரூஸ் பழைய டிக்கைத் தேடினார். அங்கேதான் கோணல் தொடங்கியது.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது பையன் டிம் டிரேக். ராபின் போடும் ஒரு குட்டிக்கரணம், சிறு வயதில் சர்க்கஸில் டிக் போட்டதைப் பார்த்த அதே குட்டிக்கரணம் என்பதை வைத்தே பேட்மேனும் ராபினும் யார் என்று கண்டுபிடித்தவன். 1989இல் அவன் வாசலுக்கு வரும்போது அனாதை இல்லை. வீட்டில் அப்பா அம்மா இருக்கிறார்கள். ஜேசன் இறந்த பிறகு பேட்மேன் முரட்டுத்தனமாகிக்கொண்டே போகிறார், அவருக்கு ஒரு ராபின் வேண்டும் என்று சொல்ல வருகிறான். அதாவது பெரியவரைப் பார்த்துக்கொள்ளச் சின்னவன் வருகிறான். என் இரண்டாவது ஸ்கிரிப்டை இதைப் பார்த்துத்தான் மாற்றினேன். பையனைக் காப்பாற்றும் காட்சியை அடித்துவிட்டு, மாடிப்படியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருக்கும் முகமூடிக்காரரிடம் பையன் தண்ணீர் பாட்டிலை நீட்டும் காட்சியை வைத்தேன். அண்ணன் மகள் முதல்முறையாக "உம்" என்றாள்.

சண்டைக்கு அப்புறம் பத்து நிமிடம்

சண்டை முடிந்த பின் வரும் பத்து நிமிடத்துக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். கையுறையை யார் முதலில் கழற்றுகிறார்? காயத்துக்கு யார் மருந்து போடுகிறார், பிளாஸ்டரை எந்தப் பல்லால் கடித்துக் கிழிக்கிறார்? நாளைக்குக் கணக்குப் பரீட்சை என்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது? இதையெல்லாம் எழுதும்போது வசனத்தில் 'பாசம்', 'குடும்பம்' என்ற சொற்கள் வந்தால் அடித்துவிடுங்கள். குடும்பத்துக்குள் யாரும் அப்படிப் பேசுவதில்லை.

அந்தப் பக்கத்தில் மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தால் நல்லது. இரண்டே பேர் இருந்தால் ஒன்று பாடம் நடக்கும், இல்லையென்றால் சண்டை நடக்கும். மூன்றாவது ஆள் வந்தால்தான் "அவர்கிட்ட நீங்களே சொல்லுங்க" என்று ஒருவர் தூது விட முடியும். ப்ரூஸின் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பட்லர் ஆல்ஃபிரட் 1943இல்தான், ராபினுக்குப் பிறகு, அந்த வீட்டுக்கு வந்தார். அவர் இல்லாத அந்த வீட்டை இப்போது நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

பெரியவர் தோற்கும் காட்சி

இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். புதிதாக எழுதுகிறவர்கள் அதிகம் பயப்படும் இடம் இதுதான்.

1971இல் வந்த இரண்டு இதழ்கள். கிரீன் ஆரோ என்கிற ஆலிவர் குயின், தான் வளர்த்த ஸ்பீடி என்கிற ராய் ஹார்ப்பர் ஹெராயினுக்கு அடிமையாகியிருப்பதைக் கண்டுபிடிக்கிறார். ஊர் நியாயமெல்லாம் வாய் கிழியப் பேசுகிற ஆள் அவர். பையனை அறைந்து வீட்டை விட்டுத் துரத்துகிறார். உடல் நடுங்கும் அந்த ராத்திரிகளில் ராயின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது பிளாக் கேனரி என்ற இன்னொரு சூப்பர்ஹீரோ. தேறி வரும் ராய் காலில் விழவில்லை. ஆலிவரிடம் வாங்கியதைக் கையாலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத் தன் வழியே போகிறான்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை: வில்லனை நடுவில் கொண்டுவராதீர்கள். மந்திரம், மூளைச்சலவை என்று பெரியவருக்குச் சாக்குத் தேடாதீர்கள். அறைந்தது அவர் கை. அதே இதழில் சமாதானம் பண்ணி வைக்காதீர்கள். நான் ஒருமுறை அந்த மாதிரிக் காட்சி எழுதிவிட்டு, மனசு கேட்காமல் கடைசிக் கட்டத்தில் இருவரையும் கட்டிப்பிடிக்க வைத்தேன். கதையை வாங்கிய பத்திரிகைக்காரர் அந்தக் கட்டத்தை மட்டும் பெரிதாக்கி, முந்தின பக்கத்தைச் சுருக்கிப் போட்டார். கோபம் வந்தது, ஆனால் கட்டிப்பிடிக்க வைத்தவன் நான்தானே.

பையனைக் கொல்லலாமா என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: பெரியவரை அழ வைப்பதற்காகக் கொல்லாதீர்கள். 1941இல் கேப்டன் அமெரிக்காவோடு வந்த பக்கி, போரில் இறந்துவிட்டதாக 1964இல் சொன்னார்கள். அதற்கப்புறம் பல வருடம் அவன் ஆள் இல்லை, கேப்டனின் பெருமூச்சுதான். ஜேசன் விஷயம் இன்னும் மோசம். 1988இல் அவன் பிழைக்கலாமா என்று வாசகர்களிடம் தொலைபேசியில் வாக்கெடுத்தார்கள். சாகட்டும் என்று 5,343 பேர், பிழைக்கட்டும் என்று 5,271. எழுபத்திரண்டு வாக்கு. ஆனால் 2005இல் அவன் திரும்பி வந்தபோது கேட்டது ஒரே கேள்விதான்: என்னைக் கொன்றவன் ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறான்? மேலே பார்த்தால் அது பழிவாங்கும் கேள்வி. உள்ளே இருப்பது ஒரு மகன் அப்பாவிடம் கேட்பது: நான் உங்களுக்கு அவ்வளவுதானா? நீங்கள் கொல்லத்தான் போகிறீர்கள் என்றால், பையன் எழுந்து வந்தால் என்ன கேட்பான் என்பதை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேட்க ஒன்றும் இல்லையென்றால் அவன் பிழைக்கட்டும்.

சட்டை சின்னதாகும்போது

கொல்வதைவிட எழுதக் கஷ்டம், வளரவிடுவது. டிக் 1969இல் கல்லூரிக்குக் கிளம்பினான். அதே இதழில் ப்ரூஸும் ஆல்ஃபிரட்டும் அந்தப் பெரிய மாளிகையைப் பூட்டிவிட்டு நகரத்துக்குள் குடியேறுகிறார்கள். காரணம் என்னென்னவோ சொல்லப்படுகிறது. பையன் இல்லாத வீட்டில் இருக்க முடியவில்லை என்றுதான் நான் படித்துக்கொள்கிறேன். 1984இல் டிக் ராபின் என்ற பேரை விட்டு நைட்விங் ஆனான். 2009இல் ப்ரூஸ் இல்லாதபோது அவனே பேட்மேன் ஆனான். ப்ரூஸின் சொந்த மகன் டேமியன் ராபின் ஆனான். பத்து வயது, கொலைகாரர்கள் நடுவே வளர்ந்தது, வாயைத் திறந்தால் திமிர். பழைய ஜோடி அப்படியே தலைகீழ்: சிரிக்கும் பேட்மேன், சிடுசிடுக்கும் ராபின். இந்த முறைக்குத் தமிழில் சொல் தேடவே வேண்டாம். அண்ணன், தம்பி. 2013இல் டேமியன் இறந்த பிறகு வந்த ஓர் இதழ் ஏறக்குறைய வசனமே இல்லாமல் ஓடுகிறது. பாதியில் நின்றுபோன ஒரு குடும்ப ஓவியத்தில் அந்தப் பையனும் இருக்கிறான்.

அதனால் உங்கள் பையனுக்கு வயதுக் கணக்கு ஒன்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்த இதழில் குரல் உடைகிறது, எப்போது அவரைவிட உயரமாகிறான், முதல் முறையாக எதற்குச் 'சரி' சொல்லாமல் போகிறான். ஐந்தாறு வரி போதும்.

என் கதை நாலாவது ஸ்கிரிப்டில்தான் முடிந்தது. பையனுக்கும் முகமூடிக்காரருக்கும் ரத்த உறவு எதுவும் இல்லை என்று முடிவு செய்தோம். பதினான்கு பக்கம் அவன் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "இங்க பாருங்க", "கேட்டீங்களா" என்றே ஓட்டுகிறான். பதினைந்தாம் பக்கம் அவர் படிக்கட்டில் விழுந்து கிடக்கிறார். பையன் அவர் தோளை உலுக்குகிறான். "எந்திரி. எந்திரிப்பா."

கடைசிப் பக்கம், ஆஸ்பத்திரிக் கட்டில். "அன்னிக்கு என்னை என்னன்னு கூப்பிட்ட?" என்று கேட்கிறார் அவர்.

"ஒண்ணும் கூப்பிடலீங்க."

அதற்குக் கீழே நான் இன்னொரு வசனம் எழுதியிருந்தேன். அண்ணன் மகள் அதை ரப்பரால் அழித்துவிட்டு, அந்த இடத்தில் பையன் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்பதை வரைந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.