வெளிநாட்டுக் கொள்வனவாளரோடு பிணக்கா? மத்தியஸ்தரைத் தெரிவுசெய்யும்போது விடக்கூடாத தவறுகள்

பண்டாரவளையிலோ ஹட்டனிலோ சிறிய அளவில் தேயிலை செய்து நேரே ஜப்பானுக்கு அனுப்புகிறீர்கள். சரக்கு போய்ச் சேர்ந்ததும், களைகொல்லி எச்சம் கூடுதல் என்று சொல்லிக் கொள்வனவாளர் பணத்தை நிறுத்திவிடுகிறார். தனி வரம்பு குறிக்கப்படாத மருந்துக்கு அங்கே 0.01 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 0.01 பங்கு)தான் எல்லை. வழக்குக்குப் போனால் தேயிலையின் விலையை விடச் செலவு கூடிவிடும். சரி, மத்தியஸ்தம்தான் வழி. யாரைக் கூப்பிடுவது?

தோட்டத்துச் சண்டைக்குத் தலைவரைத் தேடிப் பழகிய நாம், இதற்கும் ஒரு பெரிய ஆளையே தேடுகிறோம். ஆனால் மத்தியஸ்தருக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கிடையாது. இரு தரப்பையும் பேச வைப்பதுதான் அவர் வேலை. அதட்டிப் பழகியவருக்கு அது வராது. தீர்ப்புத்தான் வேண்டுமென்றால், இரு தரப்பும் ஏற்ற ஒருவர் கட்டுப்படுத்தும் தீர்ப்புச் சொல்லும் நடுத்தீர்ப்புக்குப் போங்கள்.

என் கணக்கில் மிகப் பெரிய தவறு, மத்தியஸ்தரின் பழைய தொடர்புகளைக் கேட்காமல் விடுவது. கொழும்புத் தேயிலை வட்டாரம் சின்னது. இலையும் தேயிலை ஏலவிற்பனையும் தெரிந்தவர் எவரும் ஏதாவதொரு தரகு நிறுவனத்திலோ ஏற்றுமதி நிறுவனத்திலோ இருந்திருப்பார். அது குற்றமில்லை, மறைப்பதுதான் குற்றம். 2019இல் இலங்கை கையெழுத்திட்டு 2024இல் ஏற்று உறுதிசெய்த சிங்கப்பூர் மத்தியஸ்த உடன்படிக்கையின்படி (மத்தியஸ்தத்தில் வந்த இணக்கத்தை வேறு நாட்டிலும் நீதிமன்றம் மூலம் நிறைவேற்ற வழிசெய்யும் சர்வதேச உடன்படிக்கை இது), நடுநிலையைச் சந்தேகிக்க வைக்கும் விஷயத்தை மத்தியஸ்தர் மறைத்து, அதனால்தான் ஒரு தரப்பு இணங்கியது என்றானால், அந்த இணக்க ஒப்பந்தத்தை நிறைவேற்ற நீதிமன்றம் மறுக்கலாம். பேசி முடித்த பணம் அப்படியே நின்றுவிடும். ஆகவே தொடங்குமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கோபிக்கிற ஆள் நமக்கு வேண்டாம்.

மொழி, கட்டணம், யார் எவ்வளவு கட்டுவது என்பதையெல்லாம் முதல் கடிதத்திலேயே பேசிவிடலாம்.

இன்னொன்று, இந்த உடன்படிக்கை வணிகப் பிணக்குகளுக்கு மட்டும்தான். வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போன பிள்ளையின் சம்பளப் பாக்கிக்கு இது உதவாது. வேலை, குடும்பம், வாரிசுரிமை எல்லாம் இதற்கு வெளியே.

கடைசித் தவறு, இந்த உடன்படிக்கையை அறியாதவரை மத்தியஸ்தராக அமர்த்துவது. மத்தியஸ்தத்தில்தான் இணக்கம் வந்தது என்று காட்ட அவருடைய கையெழுத்து போன்ற சான்று தேவை. ஜப்பானும் இதில் சேர்ந்திருக்கிறது, ஆனால் ஒரு நிபந்தனையோடு: உடன்படிக்கை பொருந்தும் என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டிருந்தால்தான் அங்கே செல்லும். பேச்சு முடிந்த களைப்பில் நாம் மறந்தாலும், அந்த வரியை எழுத வைக்கிறவராகப் பார்த்துத் தெரிவுசெய்யுங்கள்.