தப்பு நடப்பது தெரிந்தால் எப்படிப் பேசுவது?

துணிச்சல் பிறவியிலேயே வரவேண்டும் என்று நினைத்துப் பலர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். வாயைத் திறப்பதற்கு முன்னால் செய்கிற வேலைகள்தான் துணிச்சலைத் தருகின்றன, அவற்றை யாரும் கற்றுக்கொள்ளலாம்.

முதல் வேலை, எழுதி வைப்பது. என்றைக்கு, எத்தனை மணிக்கு, யார் என்ன செய்தார், நேரில் பார்த்தது எது, அடுத்தவர் சொல்லிக் கேட்டது எது என்று அன்றைக்கே சொந்த நோட்டில் குறித்துவிடுங்கள். 'அவர் ஒரு ஃபிராடு' என்று எழுதினால் அது வெறும் வசவு. 'சோதிக்காத இயந்திரத்தைச் சோதித்ததாக 4-ஆம் தேதி கையெழுத்துப் போட்டார்' என்று எழுதினால் அவர் பதில் சொல்லியே ஆகவேண்டும். அலுவலகக் கோப்புகளை வெளியே எடுக்கும் முன் ஒரு வக்கீலைக் கேளுங்கள், இல்லாவிட்டால் அதையே சாக்காக வைத்து உங்கள் மேல் பாய்வார்கள்.

அடுத்து, இன்னொரு ஆளைத் தேடுங்கள். என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். 1968-இல் லத்தானே, டார்லி என்ற உளவியலாளர்கள் ஓர் அறைக்குள் புகையை விட்டுப் பார்த்தார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள், கண்டுகொள்ளாதது போல நடிக்க ஏற்பாடு செய்யப்பட்ட இரண்டு பேர் கூட இருந்தபோது சொன்னது வெறும் 10 சதவீதம். எல்லாரும் சும்மா இருக்கிறார்களே, நமக்குத்தான் தப்பாகத் தெரிகிறதோ என்று நீங்கள் தயங்குவதும் இப்படித்தான், அவர்களும் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் சும்மா இருக்கிறார்களோ என்னவோ. 1950-களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் நடத்திய சோதனைகளில், கூட இருந்தவர்கள் வேண்டுமென்றே தப்பான விடை சொல்ல ஏற்பாடு செய்யப்பட்டவர்கள்; அவர்களில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னதுமே, சோதிக்கப்பட்டவர் மற்றவர்களோடு சேர்ந்து தப்பான விடை சொல்வது நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. அதனால் மீட்டிங்குக்கு முந்தின நாளே நம்பிக்கையான ஒருவரிடம் தனியாக, 'நீங்களும் இதைக் கவனித்தீர்களா?' என்று கேட்டு வையுங்கள்.

பேசும்போது சுருக்கமாகப் பேசுங்கள். 'இந்தச் சோதனை நடக்கவில்லை. நடந்ததாக என்னால் கையெழுத்துப் போட முடியாது.' அவ்வளவுதான். அப்புறம் வருகிற மௌனம் சங்கடமாகத்தான் இருக்கும். 'தப்பா நினைக்காதீங்க' என்று ஆரம்பித்து, சொன்னதை நீங்களே கரைத்துவிடாதீர்கள்.

சொல்லியும் கேட்கவில்லையா? மேலே இருப்பவருக்கு எழுத்தில் கொடுத்து, கிடைத்ததற்கு ஒப்புதல் வாங்குங்கள். அதற்கும் பலனில்லை என்றால் வெளியே இருக்கும் கண்காணிப்பு அமைப்பு, ஆனால் புகார் கொடுப்பவருக்குச் சட்டம் என்ன பாதுகாப்பு தருகிறது என்று முதலில் படித்துவிடுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் இந்தப் படிகளுக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம்.

சேலஞ்சர் என்ற அமெரிக்க விண்வெளி ஓடத்தின் ராக்கெட் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்களைப் பற்றி ரோஜர் பாய்ஸ்ஜோலி என்ற பொறியாளர் 1985 ஜூலையிலேயே எழுத்தில் எச்சரித்தார். ஏவுவதற்கு முந்தின இரவும் அவரும் சக பொறியாளர்களும் வேண்டாம் என்று வாதாடினார்கள், யாரும் கேட்கவில்லை, 1986 ஜனவரி 28 அன்று ஓடம் வானிலேயே சிதறி, உள்ளே இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். அவர் எழுதி வைத்திருந்ததால்தான், முன்கூட்டியே எச்சரித்ததற்குப் பிறகு ஆதாரம் இருந்தது. அவரோ வேலையிடத்தில் ஒதுக்கப்பட்டார், உடல்நலமும் கெட்டது. உங்களுக்கும் அப்படி நேரலாம். அதனால் வீட்டில் இருப்பவர்களிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், சில மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்குங்கள், அந்த நோட்டின் நகல் ஒன்றை வேறு இடத்தில் வையுங்கள்.