கலைச் சந்தையில் தவிர்க்க வேண்டிய சட்டத் தவறுகள்

ஓர் ஓவியத்தை விலைகொடுத்து வாங்கியவர் அதை வீட்டில் மாட்டிக்கொள்ளலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாம். ஆனால் அதைப் படமெடுத்துக் காலண்டரில் அச்சடித்து விற்க முடியாது. பொருள் அவருடையது. பதிப்புரிமையோ, எழுத்துமூலம் கைமாறாதவரை, வரைந்தவருடையது. இந்த அடிப்படை தெரியாமல் மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம். ஓவியர், சேகரிப்பாளர், டீலர் என எல்லோருமே பழகிய முகத்தை நம்பி வாய்ப்பேச்சில் முடித்துக்கொள்ளும் துறை இது. தகராறு என்று வந்துவிட்டால் நீதிமன்றம் கேட்பது காகிதத்தைத்தான்.

பொருள் கையில் இருந்தால் உரிமையும் நமக்கே என்று நினைப்பது

சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்த விவியன் மேயர், யாரிடமும் காட்டாமல் ஆயிரக்கணக்கில் புகைப்படங்கள் எடுத்தவர். அவர் கிடங்கு வாடகை கட்டத் தவறியதால் 2007இல் அவருடைய நெகட்டிவ்கள் ஏலத்துக்குப் போயின. 2009இல் அவர் இறந்தார். ஏலத்தில் எடுத்தவர்கள் அச்சிட்டுக் கண்காட்சி வைத்ததும் உலகப் புகழ் வந்தது. நெகட்டிவ் கையில் இருந்தால் மட்டும் போதாது என்று உணர்ந்த ஒருவர், பிரான்ஸில் இருந்த தூரத்து உறவினரைத் தேடிப்பிடித்து உரிமையை விலைக்கு வாங்கினார். அதைவிட நெருங்கிய வாரிசு இன்னொருவர் இருக்கிறார் என்று ஒரு வழக்கறிஞர் கிளப்ப, 2014இல் விவகாரம் நீதிமன்றம் ஏறியது. பழைய பெட்டி, பழைய ஆல்பம், இறந்துபோன ஓவியரின் கோட்டோவியங்கள் என்று மொத்தமாக வாங்குகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஆர்டர் கொடுத்து வரையச் சொல்லும் ஓவியத்தில் நாட்டுக்கு நாடு விதி மாறுகிறது. அமெரிக்காவில், சம்பளத்துக்கு இல்லாமல் தனியாக வேலை செய்யும் ஓவியரிடம் ஆர்டர் கொடுத்தால், அவர் எழுதிக் கொடுக்காதவரை பதிப்புரிமை அவரிடமே இருக்கும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இதற்கு நேர்மாறு: காசு வாங்கிக்கொண்டு, கேட்டவருக்காக வரைந்த ஓவியத்திலும் எடுத்த புகைப்படத்திலும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதல் உரிமையாளர் காசு கொடுத்தவரே. சிற்பம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே ஒரே ஆளிடம் ஓர் உருவப்படமும் ஒரு மார்பளவுச் சிலையும் செய்யச் சொன்னால் இரண்டின் உரிமையும் இரண்டு பேரிடம் போய்ச் சேரலாம். ஒரு பக்க ஒப்பந்தம் இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

"கொஞ்சம் மாற்றிவிட்டால் போதும்"

அடுத்தவர் படத்தில் முப்பது சதவீதம் மாற்றினால் அது நம்முடையது என்ற பேச்சு கலைக் கல்லூரி மாணவர்களிடம்கூட உலவுகிறது. அப்படி ஒரு சதவீதக் கணக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை.

புகைப்படக் கலைஞர் லின் கோல்ட்ஸ்மித் 1981இல் பாடகர் பிரின்ஸைப் படமெடுத்தார். 1984இல் ஒரு பத்திரிகை 400 டாலர் கொடுத்து, ஓவியத்துக்கு மாதிரியாக ஒரே ஒரு முறை பயன்படுத்திக்கொள்ள அனுமதி வாங்கியது. வரைந்தவர் புகழ்பெற்ற அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹால். அவரோ அதை வைத்து 16 படங்கள் செய்துவிட்டார். 2016இல் பிரின்ஸ் இறந்தபோது பத்திரிகை நிறுவனம் அவற்றில் இன்னொன்றை அட்டையில் போட்டு, வார்ஹால் அறக்கட்டளைக்கு 10,000 டாலருக்கு மேல் கொடுத்தது. கோல்ட்ஸ்மித்துக்கு ஒரு காசும் இல்லை. 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் கோல்ட்ஸ்மித் பக்கம் நின்றது. 'ஒரு முறை மட்டும்' என்ற வார்த்தை அந்தப் பழைய அனுமதிக் காகிதத்தில் இருந்தது அவருக்குக் கைகொடுத்தது. இன்னொருவர் படத்தை ஆதாரமாக வைத்து வரையும் ஓவியர்களும், தம் படத்தைப் பயன்படுத்த அனுமதி தருபவர்களும் எத்தனை முறை, எதற்கு, எந்த நாட்டில், எத்தனை ஆண்டுக்கு என்று நான்கையும் எழுதிக்கொள்ள வேண்டும். இந்தியாவில் உரிமையை மாற்றிக் கொடுக்கும் ஆவணத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

வாங்கிய படைப்பை இஷ்டம்போல் உடைப்பது

சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவனுக்கு மிகப் பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பம் ஒன்றைச் செய்து கொடுத்தார். 1979இல் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அதைப் பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டார்கள்; துண்டுகள் சேதமாயின, சில காணாமலே போயின. சிற்பம் அரசின் சொத்து, இதில் சந்தேகமில்லை. ஆனாலும் 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம், படைப்பின் மானத்தைக் காக்கும் உரிமை படைத்தவருக்கு உண்டு என்று சொல்லி, எஞ்சியதை அவரிடமே ஒப்படைக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. நியூயார்க்கில் 5பாயின்ட்ஸ் கட்டடத்தின் சுவரோவியங்களுக்கு 2013இல் ராவோடு ராவாக வெள்ளையடித்த கட்டட உரிமையாளருக்கு அதைவிடப் பெரிய அடி: 21 ஓவியர்களுக்கு 67.5 லட்சம் டாலர். கட்டடத்தை இடிக்கும் முன் ஓவியருக்கு முறைப்படி தகவல் சொல்லி அவகாசம் கொடுத்திருந்தால் கதை வேறு.

கேலரியிடம் படைப்பை ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்காமல் வருவது

இளம் ஓவியர்கள் அதிகம் இழப்பது இங்கேதான் என்று நினைக்கிறேன். கண்காட்சிக்கு என்று பத்து ஓவியங்களை வேனில் ஏற்றி அனுப்புகிறார்கள். எத்தனை போயின, எந்த அளவு, எந்த நிலையில் போயின என்பதற்கு ஒரு பட்டியல்கூட இருக்காது. விற்றதா இல்லையா என்பது ஆறு மாதம் கழித்துத் தெரியும்.

கேலரி நொடித்துப்போனால் இன்னும் மோசம். நியூயார்க்கின் சாலண்டர் ஓ'ரெய்லி கேலரி 2007இல் மூடப்பட்டபோது, விற்றுத் தரச் சொல்லி நம்பிக் கொடுத்த படைப்புகளை உரியவருக்குத் தெரியாமலே விற்றிருந்தது வெளியே வந்தது. உரிமையாளர் 2010இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். ஆனால் கடன்காரர்கள் வரிசைகட்டி நிற்கும் இடத்தில், "அந்தப் படம் என்னுடையது, கேலரியின் சொத்து இல்லை" என்று நிரூபிக்க வேண்டியது கொடுத்தவர்தான்.

அதனால் ஒப்படைப்புக் கடிதத்தில் முழுப் பணம் கைக்கு வரும்வரை படைப்பு ஓவியருடையதே என்ற வரி கட்டாயம் வேண்டும். தள்ளுபடி கொடுத்தால் அது கேலரியின் கமிஷனிலிருந்து போகிறதா, ஓவியரின் பங்கிலிருந்தும் போகிறதா? கமிஷன் பாதிக்குப் பாதி என்பது சாதாரணம் என்பதால் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதாமல் விட்டால் நஷ்டம் பெரிது. விற்ற எத்தனை நாளில் பணம், விற்காதது எப்போது யார் செலவில் திரும்பும், கேலரியில் இருக்கும்போது காப்பீடு யார் பொறுப்பு, வாங்கியவர் பெயர் ஓவியருக்குச் சொல்லப்படுமா? கடைசியாகச் சொன்னதைப் பல கேலரிகள் விரும்புவதில்லை. ஆனால் படைப்பு மறுபடி விற்கும்போது ஓவியருக்குக் கிடைக்கும் மறுவிற்பனைப் பங்கு சட்டத்தில் உள்ள நாடுகளில், படைப்பு யாரிடம் இருக்கிறது என்று தெரியாத ஓவியர் அந்தப் பங்கை எப்படிக் கேட்பார்?

டீலர் யாருக்கு வேலை செய்கிறார் என்று கேட்காமல் விடுவது

சுவிஸ் டீலர் ஈவ் பூவியே 2013இல் லியோனார்டோ டாவின்சியுடையது எனப்படும் 'சால்வடோர் முண்டி' ஓவியத்தைச் சுமார் 8 கோடி டாலருக்கு வாங்கி, ரஷ்யக் கோடீஸ்வரர் திமித்ரி ரிபோலோவ்லெவுக்கு 12 கோடியே 75 லட்சம் டாலருக்குக் கொடுத்தார். தன் தரகராக இருந்து கமிஷன் மட்டும் வாங்கினார் என்று வாங்கியவர் நினைத்திருந்தார். நான் வாங்கி விற்கும் வியாபாரி, என் லாபம் என் விஷயம் என்றார் டீலர். பல நாடுகளில் வழக்கு நடந்து 2023இல் சமரசத்தில் முடிந்தது. தரகருக்குத் தன் கட்சிக்காரரிடம் எதையும் மறைக்காத கடமை உண்டு, சொந்தச் சரக்கை விற்பவருக்கு அந்த அளவு கடமை இல்லை. நேர்மையான டீலருக்கும் இதைத் தெளிவாக எழுதிக்கொள்வது பாதுகாப்பு.

கதை அழகாக இருப்பதால் நம்புவது

நிலத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கலாம். ஓவியத்துக்கு அப்படி அரசுப் பதிவேடு கிடையாது. யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்ற உடைமை வரலாறுதான் இருக்கும் ஒரே பிடிமானம், மோசடிக்காரர்கள் கைவைப்பதும் அதில்தான்.

1846இலிருந்து நடந்துவந்த நோட்லர் கேலரி, பெயர் சொல்ல விரும்பாத ஒரு சேகரிப்பாளரின் குடும்பத்திலிருந்து வந்தவை என்ற கதையோடு, ராத்கோ, பொல்லாக், மதர்வெல் ஆகிய அமெரிக்க நவீன ஓவியர்களின் ஓவியங்கள் என்று சொல்லி விற்றது. மொத்தம் 6 கோடி டாலருக்கு மேல். எல்லாவற்றையும் வரைந்தது நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் வாழ்ந்த ஒரே ஓவியர். கேலரி 9.5 லட்சம் டாலருக்கு வாங்கிய 'ராத்கோ' ஒன்று 83 லட்சத்துக்குக் கைமாறியது. அதோடு கொடுத்த கடிதத்தில் நிபுணர்கள் பெயர் வரிசையாக இருந்தது, ஆனால் அவர்கள் அதைப் பார்த்தவர்கள் என்றுதான் எழுதியிருந்தது. உண்மையானது என்று அவர்கள் உறுதிகூறியதாக அதில் இல்லை. இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் வாங்கியவர் சாதாரண ஆளும் அல்ல, ஏல நிறுவனமான சோதபீஸின் தலைவராகப் பின்னாளில் ஆனவர். பெரிய தொகை என்றால் நிபுணரிடம் நேரடியாக எழுத்தில் கேளுங்கள், நிறமிகளைச் சோதனைக்கூடத்தில் பாருங்கள். ரசீதில் 'இன்னார் வரைந்தது' என்று விற்பவர் உத்தரவாதமாக எழுதட்டும்.

திருட்டுப் பொருளில் சான்றிதழே ஏமாற்றும். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராசரை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு நியூயார்க் டீலர் சுபாஷ் கபூரிடம் வாங்கியது. திருட்டுப் பதிவேட்டில் இல்லை என்ற சான்று இருந்தது. எப்படி இருக்கும்? பூட்டிக் கிடந்த கோயிலில் சிலை காணாமல் போனதே ஊருக்குப் பிந்தித்தான் தெரிந்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய புகைப்படம்தான் குட்டை உடைத்தது. 2014இல் சிலை திரும்பியது, 2022இல் வேறொரு கோயில் சிலைத் திருட்டு வழக்கில் கும்பகோணம் நீதிமன்றம் கபூருக்குப் பத்தாண்டு சிறை விதித்தது. கலைக்கூடத்தின் பணம் போனது போனதுதான். கலைப்பொருள் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை வந்த 1970ஆம் ஆண்டுக்கு முன்பே பொருள் தாய்நாட்டை விட்டு வெளியேறியதற்கு, விற்பவர் எழுதிய கடிதம் தவிர வேறு ஆதாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் வாங்காதீர்கள்.

சொந்தமாக வாங்கியதே ஆனாலும் நாட்டை விட்டுக் கொண்டுபோக உரிமை உண்டு என்று எண்ணிவிடக் கூடாது. ஸ்பெயின் வங்கியாளர் ஹைமே போத்தின் தன் சொந்தப் பிக்காசோ ஓவியத்தை அரசு அனுமதி இல்லாமல் படகில் கொண்டுபோனார். 2015இல் கோர்சிகாவில் அது பிடிபட்டது, 2020இல் 9 கோடி யூரோவுக்கு மேல் அபராதம், ஓவியம் அரசுக்கு. இந்தியாவில் நூறாண்டு கடந்த தொல்பொருளையும், அரசு கலைச் செல்வமாக அறிவித்த ரவி வர்மா, ஜாமினி ராய் போன்றோரின் படைப்புகளையும் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது.

உயில் எழுதாமல், அல்லது தவறான ஆளை நம்பி எழுதுவது

மார்க் ராத்கோ 1970இல் இறந்தபோது சுமார் 800 ஓவியங்களை விட்டுச் சென்றார். உயிலை நிறைவேற்ற நியமிக்கப்பட்ட மூவரில் ஒருவர் மார்ல்பரோ கேலரியின் இயக்குநர். அதே கேலரிக்கு 100 ஓவியங்களை 18 லட்சம் டாலருக்குத் தவணையில் கொடுத்தார்கள், மீதியைப் பாதிக் கமிஷனுக்கு ஒப்படைத்தார்கள். மகள் வழக்குத் தொடுத்து 1975இல் வென்றார்; மூவரும் நீக்கப்பட்டனர். வரைந்தவர் குடும்பம் இவ்வளவு போராட வேண்டியிருக்கக் கூடாது. உயிலை நிறைவேற்றுபவருக்கு எந்தக் கேலரியோடும் தொழில் உறவு இருக்கக் கூடாது. பொருளை ஒருவருக்கும் பதிப்புரிமையை இன்னொருவருக்கும் தர நினைத்தால் இரண்டையும் தனித்தனி வரியில் எழுத வேண்டும். அதோடு படம், அளவு, ஆண்டு, இப்போது யாரிடம் இருக்கிறது என்ற விவரங்களோடு படைப்புகளின் பட்டியல் ஒன்றை ஓவியர் உயிரோடு இருக்கும்போதே தொடங்கி, ஒவ்வொன்று விற்கும்போதும் புதுப்பித்து வர வேண்டும்.