பிளைவுட்டைச் சிராய் எழாமல் அறுக்க எந்த ரம்பம்?

எட்டுக்கு நான்கு அடி பிளைவுட்டை ஒரே அளவுத் துண்டுகளாக அறுக்க விரும்புவோர், மோட்டாரின் வாட்டைப் பார்ப்பதற்கு முன் பிளேடின் பற்களை எண்ணிப் பார்க்க வேண்டும். ஏழு அங்குல வட்ட ரம்பத்துடன் பெரும்பாலும் வரும் 24 பல் பிளேடு கட்டைகளுக்கே ஏற்றது. மைக்கா ஒட்டிய பலகைக்கு 60 பல் கார்பைடு பிளேடை மாட்டுவது நல்லது. கையில் பிடித்து ஓட்டும் வட்ட ரம்பத்தின் பற்கள் கீழிருந்து மேல்நோக்கி வெட்டுவதால், பலகையின் நல்ல முகத்தைக் கீழே கவிழ்த்து வைக்க வேண்டும். மேசை ரம்பத்தில் இதற்கு நேர்மாறு. நேர்வெட்டுக்கு, பிளேடு மேலும் கீழுமாக அசைந்து வெட்டும் ஜிக்சாவை நான் பரிந்துரைக்க மாட்டேன், அதன் மெல்லிய பிளேடு எளிதில் வளைந்துவிடும்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள எங்கள் பட்டறையில், பிளேடுக்கும் ரம்பத்தின் அடித்தட்டு விளிம்புக்கும் இடைப்பட்ட தூரத்துக்குச் சரியாக ஒரு பலகைத் துண்டை அறுத்து ஆணியில் மாட்டி வைத்திருக்கிறோம். பென்சில் கோட்டில் அதன் ஒரு விளிம்பைப் பொருத்தி, மறு விளிம்பை ஒட்டி அலுமினியச் சட்டத்தைக் கிளாம்பால் இறுக்கி, ரம்பத்தின் அடித்தட்டைச் சட்டத்தோடு ஒட்டி ஓட்டினால், பத்தாவது வெட்டும் முதல் வெட்டைப் போலவே அமைகிறது. நேரான உலோகத் தடத்தின் மேல் நகரும் தண்டவாள ரம்பம் (track saw) இந்த வேலையை இன்னும் விரைவாகச் செய்யும் என்றாலும், மாதத்துக்கு இரண்டு பலகை அறுப்பவருக்கு அந்தச் செலவு தேவையில்லை. உப்புக்காற்றில் துரு விரைவில் ஏறும் என்பதால், வேலை முடிந்ததும் பிளேடை எண்ணெய்த் துணியால் துடைத்து வைக்கவும்.